கேளுங்க, தெரிஞ்சா சொல்றேன்: பத்துக் கண் எழுத்து

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படத்தைப் பற்றியவை. குட்டிக் குட்டிக் கண்கள் திராட்சைக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரஷ்ய எழுத்து, வாட்ஸ்அப்பில் சேலம் மாவட்டத்தையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது போல. பட்டா மாறுதல், மாமியார் பிரச்சினை, மாங்காய் ஊறுகாயில் பூஞ்சை எல்லாம் அடுத்த இதழுக்கு. அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராகவும் அப்புறம் புரூப் பார்ப்பவனாகவும் காலம் தள்ளியவன் நான். எழுத்து என்று வந்துவிட்டால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஐயா, என் மகள் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் அனுப்பிய படத்தில் ஓர் எழுத்துக்குப் பத்துக் கண்கள். இப்படி ஓர் எழுத்து நிஜமாகவே உண்டா? எப்படி உச்சரிப்பது?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

உண்டு அம்மா. ஆனால் உங்கள் மகள் அதை அங்கே பாடப் புத்தகத்திலோ கடைப் பலகையிலோ பார்த்திருக்க முடியாது. இன்றைய ரஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள். இது அதில் சேர்த்தி இல்லை. உச்சரிப்பு வெறும் ‘ஒ’. பத்துக் கண் இருந்தாலும் சத்தம் ஒன்றுதான்.

ரஷ்யர், பல்கேரியர், செர்பியர் எல்லாரும் எழுதுவது சிரில்லிக் எழுத்து. 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கா நகரத்து அண்ணன் தம்பி இருவர், மெத்தோடியஸும் சிரிலும், ஸ்லாவிய மக்களுக்குக் கிறிஸ்தவ வேதத்தை அவர்கள் பேச்சிலேயே கொடுப்பதற்காக எழுத்து உண்டாக்கினார்கள். அவர்கள் செய்தது கிளகோலித்திக் என்ற வேறொரு வடிவம். 869இல் சிரில் இறந்த பிறகு, சீடர் வழி வந்தவர்கள் பல்கேரியாவில் கிரேக்க எழுத்தை ஒட்டி அமைத்ததற்குத்தான் இன்று சிரில் பெயர் நிற்கிறது. வேலை சீடர்களுக்கு, பெயர் குருவுக்கு. எங்கள் தொழிலிலும் அப்படித்தான், விடுங்கள்.

அச்சு வருவதற்கு முன்னால் மடங்களில் துறவிகள் உட்கார்ந்து வேதத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் கண்ணுக்கு ‘ஒகோ’ என்று பெயர். முதல் எழுத்தே வட்டம். யாரோ ஒருவர் அந்த வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தார், கண் விழித்துக்கொண்டது. இரண்டு கண்களைச் சொல்லும்போது ‘ஒச்சி’. பழைய ஸ்லாவிய மொழியில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமையும் உண்டு. அந்தச் சொல்லுக்கு வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தார்கள், அல்லது புள்ளி வைத்த இரண்டு வட்டங்களை ஒட்டிப் போட்டார்கள். ஒற்றைக் கண் ‘ஒ’, இரட்டைக் கண் ‘ஒ’ என்று இவையெல்லாம் பல சுவடிகளில் கிடைக்கின்றன.

நீங்கள் கேட்கும் எழுத்து அப்படிப் பல இடத்தில் கிடைப்பதில்லை. 1429 வாக்கில் படியெடுத்த ஒரு புத்தகம், பைபிளில் சங்கீதம் என்று வரும் துதிப் பாடல்கள் அடங்கியது. மாஸ்கோவுக்கு வடக்கே உள்ள திரித்துவ-செர்கியுஸ் மடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அதில் ‘பல கண்களுடைய சேராபீன்கள்’ என்று ஒரு தொடர் வருகிறது. சேராபீன் என்றால் கடவுளின் சிம்மாசனத்தருகே நிற்கும் தேவதூதர் கூட்டம். ‘பல கண்களுடைய’ என்பது அவர்கள் மொழியில் ஒரே நீளச் சொல். அதற்குள் ‘கண்’ என்ற பகுதி ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் ‘ஒ’. படியெடுத்தவர் அந்த ஒன்றை மட்டும் பத்துக் கண்ணாக வரைந்துவிட்டார். பத்து வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. இறகுப் பேனாவை இருபது தரம் வைத்து எடுக்க வேண்டும். அதே சொல்லில் முன்னால் வருகிற ‘ஒ’க்கள் சாதுவாகத்தான் இருக்கின்றன. இந்த ஒன்றில் மட்டும் மனிதருக்குக் கை ஊறியிருக்கிறது. இந்த எழுத்தின் பயன்பாடு என்றால் அவ்வளவுதான்: ஒரு சுவடி, ஒரு சொல்.

வெள்ளிப் பட்டறைத் தெருக்களில் இருப்பவர் நீங்கள், கண்மலர் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். கண் நோய் தீர்ந்தால் அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டு வாங்கும் வெள்ளித் தகடு. அதில் இரண்டே கண். மாரியம்மனை ஆயிரங்கண்ணுடையாள் என்று கூப்பிடுகிற ஊர் இது, ஆனால் நம் ஏட்டுக்காரர்கள் யாரும் அந்த ‘ஆ’வுக்குக் கண் திறந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நோட்டீஸ் அடிக்கிற அச்சகத் தம்பிகள் யாராவது முயற்சி செய்யலாம்.

பைபிளில் ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள் என்றுதானே இருக்கிறது? கண்கள் நிறைந்தவர்கள் என்று எசேக்கியேல் சொல்வது கேருபீன்கள் என்ற இன்னொரு தேவதூதர் கூட்டத்தை. உங்கள் துறவி மாற்றி எழுதிவிட்டாரா?
- ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை, ஏற்காடு

டீச்சர், மலை மேலிருந்து சரியாகக் குறி பார்த்து அடித்திருக்கிறீர்கள். எசேக்கியேல் 10:12இல் உடம்பு முழுக்கக் கண் என்று வருவது கேருபீன்களுக்குத்தான். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 4:8ஐயும் ஒரு தரம் புரட்டுங்கள். அங்கே வரும் நான்கு ஜீவன்களுக்கு ஆறு சிறகும் உண்டு, உடம்பெல்லாம் கண்ணும் உண்டு. கிழக்கத்திய சபைகளின் வழிபாட்டிலும் கேருபீன், சேராபீன் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி, ‘ஆறு சிறகுள்ளவர்கள், பல கண்ணுள்ளவர்கள்’ என்று சேர்த்தே ஓதுவார்கள். தினமும் அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இவருக்கு இது, அவருக்கு அது என்ற பாகப்பிரிவினை இருந்திருக்காது. அந்த இடத்தில் நான் சிவப்பு மை வைக்க மாட்டேன்.

என் போனில் இந்த எழுத்துக்கு ஏழு கண்கள்தான் தெரிகின்றன. அதையே அழகாபுரத்தில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவர் போனில் பத்து. எது சரி?
- வாசகர், ஆத்தூர்

பத்து. இரண்டு போனிலும் கோளாறு இல்லை, உங்களுடையதில் இருப்பது பழைய எழுத்துரு.

1928இல் யெஃபீம் கார்ஸ்கி என்ற அறிஞர் சிரில்லிக் சுவடிகளின் எழுத்து வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த எழுத்தைக் குறிப்பிட்டார். அப்புறம் கணினிக் காலம். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு 2008இல் தன் 5.1ஆம் பதிப்பில் இதற்கும் ஓர் எண் கொடுத்தது. அப்போது போட்ட மாதிரி வடிவத்தில் ஏழு கண்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எழுத்துரு செய்கிறவர்கள் அந்த மாதிரியைப் பார்த்து ஏழாகவே வரைந்தார்கள். பிறகு சுவடியின் படத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் பத்து இருக்கிறது. 2022இல் 15ஆம் பதிப்பில் மாதிரியைத் திருத்தினார்கள். பதினாலு வருஷம் மூன்று கண் குறைவாகவே ஊர் சுற்றியிருக்கிறது.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். நாங்கள் புரூப் பார்க்கும் முறை தெரியுமா? ஒருவர் கையெழுத்துப் பிரதியைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் புரூப்பில் விரல் வைத்துக்கொண்டே போவார். சொல் விடுபட்டால் காது பிடித்துவிடும், கொம்பு மாறினால் பிடித்துவிடும். இங்கே என்ன வாசிப்பது? ஏழு கண்ணும் ‘ஒ’, பத்துக் கண்ணும் ‘ஒ’. காதில் சிக்காத பிழை. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சில் முனையால் ஒவ்வொரு கண்ணாகத் தொட்டு எண்ணினால் ஒழிய அகப்படாது. அப்படி உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு என் வணக்கம். படியைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஏழு போதும் என்றுதான் தோன்றும்.

உலகத்தில் ஒரே சொல்லில் வரும் எழுத்துக்குக் கணினியில் தனி எண் எதற்கு? இது வீண் செலவு இல்லையா? நமக்கு எத்தனையோ தேவை இருக்கிறதே?
- வாசகர், ஓமலூர்

உங்கள் கோபம் புரிகிறது. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஈய எழுத்துக் காலத்தில் இதைக் கொண்டுவந்து யாராவது கேட்டிருந்தால், ‘பிளாக் செய்துகொண்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்போம். கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார் போல ஒரு தரம் குத்திவிட்டு எடுத்து வைத்துவிடலாம். திரும்பத் திரும்ப வருகிற எழுத்துக்குத்தான் கேஸில், அதாவது ஈய எழுத்துகளைப் பிரித்து வைக்கும் அறைத் தட்டில், அறை ஒதுக்குவோம். கேஸில் ஓர் அறை கூடினால் கை அவ்வளவு தூரம் கூடுதலாகப் போக வேண்டும், அன்றைக்கு ஒரு பக்கம் குறையும்.

கணினியில் அந்தக் கணக்கு செல்லாது. யூனிகோட்டில் மொத்தம் 11 லட்சத்துக்கு மேல் இடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை நிரம்பியது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கண் எழுத்தின் எண் 42606. நம் ‘அ’வின் எண் 2949. யாரும் யார் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அதோடு, படமாக ஒட்டினால் அந்தச் சுவடியைத் தட்டச்சு செய்து வைக்கிறவர்களுக்குச் சொல் நடுவில் அறுந்துபோகும். ‘பல கண்’ என்று தேடினால் கிடைக்காது. எண் இருந்தால் எழுத்தாகவே நிற்கும், தேடினால் வரும், அடுத்த ஆள் படியெடுத்தாலும் கூடவே போகும். சுவடியில் இருப்பதை இருக்கிறபடி வைப்பதற்கு இது வேண்டித்தான் இருக்கிறது.

நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதும் சரியில்லை. 2019இல் யூனிகோடு 12ஆம் பதிப்பில் தமிழுக்கென்று கூடுதலாக 51 குறிகள் சேர்ந்தன. பெரும்பாலும் பழைய கீழ்வாய் இலக்கக் குறிகளும், அதாவது பின்னக் குறிகளும், கணக்கு, அளவைக் குறிகளும்தான். 320இல் ஒரு பங்கு முந்திரி, 80இல் ஒரு பங்கு காணி, 20இல் ஒரு பங்கு மா. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரமோ கணக்கு ஏடோ வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், எழுத்துக்கு நடுவே வளைந்து நெளிந்து சில குறிகள் தெரியலாம். இன்றைக்கு அவற்றையும் தட்டச்சு செய்யலாம். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று ஒரு ரஷ்ய வாசகர் கேட்டால் நாம்தான் முழிக்க வேண்டும்.

இதை என் இன்ஸ்டா பெயரில் வைக்கலாமா?
- கல்லூரி மாணவர், மேட்டூர்

பக்கத்தின் தலையில் வரும் பெயரில் தாராளமாக வை தம்பி, நிறையப் பேர் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் வெறும் கட்டம்தான் தெரியும். பேங்க் பாரத்தில் மட்டும் வேண்டாம்.

தமிழில் இது மாதிரி ஓரிரு இடத்தில் மட்டும் வரும் எழுத்து இருக்கிறதா?
- தமிழாசிரியர், தாரமங்கலம்

ஐயா, நீங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள் என்று தெரிகிறது. ‘ங’ வரிசைதான். 247 எழுத்தில் ஒரு வரிசை முழுக்க இருக்கிறது, பிள்ளைகள் ஙா, ஙி, ஙீ என்று பாடிக்கொண்டே மனப்பாடம் செய்கிறார்கள், புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ‘ங்’ என்ற மெய் தங்கம், சங்கு, சிங்கம் என்று ஓயாமல் உழைக்கிறது. உயிர்மெய்யாக ‘ங’ மட்டும் அங்ஙனம், இங்ஙனம் என்று எப்போதாவது தலை காட்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால் சும்மா நிற்கிற சொந்தபந்தம். ஔவையார் ஆத்திசூடியில் ‘ஙப்போல் வளை’ என்றதற்கு, உபயோகப்படாத தன் இனத்தையும் ‘ங’ அணைத்துக் காப்பது போல நீயும் சுற்றத்தை அணைத்துக்கொள் என்று உரை சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தக் கண் எழுத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ‘ஙௌ’ இலக்கணத்துக்காக இருக்கிறது, சொல் இல்லை. அங்கே சொல் முதலில் இருந்தது, அதற்காக எழுத்து பிறந்தது. என்னைக் கேட்டால் ‘ஙௌ’வை விட அது கொடுத்து வைத்தது; ஒரு தரமாவது வேலைக்குப் போயிருக்கிறது.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு சில எழுத்துகளை ஒழித்தார்கள் என்று படித்தேன். இதுவும் அப்போது போனதுதானா?
- வாசகர், சங்ககிரி

இது எந்தக் காலத்திலும் நெடுங்கணக்கில் உட்கார்ந்ததில்லை, அதனால் எழுந்து போகவும் இல்லை. நீங்கள் படித்தது 1918 எழுத்துச் சீர்திருத்தம். ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்து இருந்ததில் கூடுதலானவற்றை எடுத்தார்கள். சொல்லின் கடைசியில் மெய் வந்தால் அதன் பின்னால் சத்தமே இல்லாத ‘கடினக் குறி’ ஒன்றைப் போடுகிற வழக்கத்தையும் நிறுத்தினார்கள். சொல்லுக்குச் சொல் ஒரு வேண்டாத எழுத்து என்றால் எவ்வளவு ஈயம், எவ்வளவு காகிதம் என்று கம்பாசிட்டருக்குத்தான் தெரியும்.

கேட்காத அச்சகங்களில் புரட்சிக்காரர்கள் புகுந்து அந்த எழுத்துகளையே கேஸிலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு வேடிக்கை: கடினக் குறி சொல்லின் நடுவில் சில இடங்களில் தேவை, அங்கே அதை யாரும் ஒழிக்கவில்லை. அள்ளிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியுமா? அச்சகக்காரர்கள் வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் மேலே தொங்கும் காற்புள்ளியை, ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி என்பதை, போட்டு ஒப்பேற்றினார்கள். அந்தக் காலத்து ரஷ்ய அச்சில் அது அப்படியே பதிந்து கிடக்கிறது.

இங்கே அப்படி யாரும் அள்ளவில்லை. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் யானைத் துதிக்கை போல வளைவு வைத்த பழைய லை, ளை, ணை, னையை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைப் போல எழுத ஆரம்பித்தார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது, 13 எழுத்துகள் மாறின. ஆணை வந்தாலும் கேஸில் இருக்கிற ஈயத்தை யார் தூக்கிப்போடுவது? தேய்கிற வரைக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் துதிக்கைகள் ஆடிக்கொண்டேதான் இருந்தன.

எனக்கு ரஷ்ய எழுத்து எப்படிப் பழக்கம் என்றும் கேட்டிருந்தீர்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே புத்தகங்கள் மலிவாக வந்த காலம் ஒன்று இருந்தது. கெட்டி அட்டை, வழவழ தாள். தொழில் புத்தியில் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பேன். அங்கே அடியில் பொடி எழுத்தில் அச்சு விவரம் ரஷ்ய மொழியில் இருக்கும். அதை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வந்தது.

என் மகன் அடுத்த மாதம் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறான். அவன் பெயர் ‘யோ’வில் ஆரம்பிக்கிறது. ரஷ்யாவில் ‘யோ’ எழுத்தால் சான்றிதழில் குழப்பம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- ஒரு தாய், அஸ்தம்பட்டி

பயப்படும் அளவுக்கு இல்லை அம்மா, ஆனால் விஷயம் உண்டு. ரஷ்ய ‘யே’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் ‘யோ’. 1783இல், பேரரசி காதரீன் காலத்தில், அகாதமித் தலைவியாக இருந்த இளவரசி தாஷ்கவா இதற்காகப் பேசினார். இப்போது உல்யானவ்ஸ்க் நகரில் அந்த எழுத்துக்குச் சிலையே இருக்கிறது. சிலை வைத்தவர்கள் புள்ளி வைக்கத்தான் சோம்பல் படுகிறார்கள். அச்சில் பெரும்பாலும் வெறும் ‘யே’வாகவே விட்டுவிடுவார்கள், படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியது. நம் பத்திரிகைகள் காலமெல்லாம் குருஷேவ், கோர்பசேவ் என்று எழுதியது அதனால்தான். ரஷ்யர் வாயில் அவை ஹ்ருஷ்சோவ், கர்பச்சோவ். ஒரு காகிதத்தில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளி இல்லாமலும் பெயர் வந்து, ரெண்டும் ஒரே ஆளா என்று அலைகிற சங்கடம் ரஷ்யர்களுக்கே உண்டு.

உங்கள் மகனுக்கு அந்த எழுத்து அனேகமாக வராது. வெளிநாட்டுச் சொல்லின் முதலில் ‘யோ’ வந்தால் அவர்கள் பெரும்பாலும் இரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதுவார்கள். யோகாவை அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. பாஸ்போர்ட்டை அங்கே ரஷ்ய மொழியில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்குவார்கள். அந்த முதல் பெயர்ப்பில் அவன் பெயரையும் உங்கள் வீட்டுக்காரர் பெயரையும் எப்படி எழுதினார்களோ, அப்புறம் வரும் ஒவ்வொரு காகிதத்திலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பாக ‘ஹ’. ரஷ்யத்தில் அதற்குச் சரியான எழுத்து கிடையாது. ஒருவர் ‘க’ மாதிரி போடுவார், இன்னொருவர் தொண்டையைச் செருமுகிற ‘ஹ்’ போடுவார். முதல் பெயர்ப்பின் நகல் ஒன்றை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளட்டும், மாற்றி எழுத வந்தால் எடுத்துக் காட்டலாம்.